பூனையை விரட்டும் கரிச்சான்: வலிவலம் சொல்லும் வரலாறு

தஞ்சாவூர்ச் சீமையில் கோடைக்காலத்தில் அடிக்கடி நடக்கும் சண்டை இது. வீட்டுப் பூனை ஓட்டுக்கூரை மேல் தன்பாட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருக்கும். பக்கத்து வேப்பமரத்திலிருந்து கன்னங்கரேலென்று ஒரு சிறு பறவை அம்பு போலப் பாய்ந்து வரும். முதுகிலோ வாலிலோ ஒரு கொத்து. பூனை சீறிக்கொண்டு திரும்புவதற்குள் பறவை மேலே போயிருக்கும். பூனை மறுபடி நடக்கத் தொடங்கினால் மறுபடியும் பாய்ச்சல். கடைசியில் பூனை காதுகளை மடக்கிக்கொண்டு வைக்கோல் போரின் சந்தில் போய் ஒளிந்துகொள்ளும். எலிகளுக்கு எமனான பூனை ஒரு குருவிக்குப் பயந்து ஓடுகிறது!

அந்தப் பறவைக்குப் பெயர் கரிச்சான். கரிக்குருவி, இரட்டைவால் குருவி, வலியன் என்றும் ஊருக்கு ஊர் பெயர் உண்டு. உடல் எடை ஏறக்குறைய 50 கிராம்தான். நன்றாக வளர்ந்த வீட்டுப் பூனை 3 அல்லது 4 கிலோ இருக்கும். அதாவது தன்னைவிட அறுபது, எண்பது மடங்கு கனமான எதிரியோடு அது மோதுகிறது.

ஏன் மோதுகிறது? "அதுக்குக் கொழுப்பு" என்பார்கள் சிலர். "அந்தப் பறவைக்கு நம்ம பூனையைக் கண்டாலே ஆகாது" என்பார்கள் சிலர். பூனையைப் பாசமாக வளர்ப்பவர்கள் கோபத்தில் கம்பெடுத்துக் கூட்டையே தட்டிவிடுவதும் உண்டு. ஆனால் இந்தச் சண்டைக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. தமிழ் இலக்கியத்திலும் தஞ்சை மண்ணின் தலபுராணத்திலும் அதன் சுவடுகள் உள்ளன. அவற்றையும் இன்றைய விஞ்ஞானம் கண்டதையும் சேர்த்துப் பார்த்தால் கம்பை எடுக்கத் தோன்றாது.

வெருகும் பூசையும்

முதலில் பூனையின் கதை. இன்றைய வீட்டுப் பூனையின் மூதாதை மேற்கு ஆசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் வாழ்ந்த ஒரு காட்டுப் பூனை இனம். மனிதன் தானியம் விளைவித்துச் சேர்த்து வைக்கத் தொடங்கியதும் எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கல்லறையில் மனிதனுக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை ஆராய்ச்சியாளர்கள் 2004இல் அறிவித்தார்கள்.

பிறகு பூனை கப்பலேறி உலகம் சுற்றியது. எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் கி.பி. 1, 2ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த வளர்ப்புப் பிராணிகளின் இடுகாடு ஒன்று தோண்டி எடுக்கப்பட்டது. அங்கே புதைக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை பூனைகள். அதே பெரெனிகேயில் இந்திய மிளகும், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடும் கிடைத்திருக்கின்றன. காவிரிப்பூம்பட்டினம் கப்பல் வணிகத்தில் கொடிகட்டிப் பறந்த காலமும் ஏறக்குறைய அதுவே.

ஆனால் வீட்டுப் பூனைக்கு முன்பே தமிழ்நாட்டில் காட்டுப் பூனை இருந்தது. சங்கப் புலவர்கள் அதை வெருகு என்றார்கள். தொல்காப்பியத்தின் மரபியலில் கீரி, எலி, அணில் ஆகியவற்றோடு வெருகும் பேசப்படுகிறது. இன்றும் காவிரிப் பாசனப் பகுதியின் நாணல் புதர்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் காட்டுப் பூனை உண்டு. வீட்டில் புழங்கிய பூனைக்குப் பூசை என்று ஒரு பெயர் இருந்தது. மயிலாடுதுறைக்கு அருகே தேரழுந்தூரில் பிறந்த கம்பர், தம் இராமாயணத்தின் அவையடக்கத்தில், பாற்கடலை நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூசையோடு தம்மை ஒப்பிட்டுக்கொள்கிறார். அடுப்படியில் பால் திருடும் பூனை அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்த ஆள்!

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பறவையின் கண்ணுக்கு வெருகும் பூசையும் ஒன்றுதான். கழுத்தில் ரிப்பன் கட்டியிருந்தாலும், கிண்ணத்தில் பால் குடித்து வளர்ந்திருந்தாலும், பதுங்கி நடக்கும் அந்த உடலும் முன்னோக்கிய அந்த இரண்டு கண்களும் பழைய எதிரியுடையவைதான். பல ஆயிரம் ஆண்டு வெருகின் பகையை வீட்டுப் பூனை வாரிசாகப் பெற்றுவிட்டது.

குறுந்தொகைக் கோழியும் குறளின் காக்கையும்

பறவைகள் எதிரியைக் கண்டு எப்படி நடந்துகொள்கின்றன என்பதைத் தமிழ்ப் புலவர்கள் கூர்ந்து கவனித்திருக்கிறார்கள். ஒக்கூர் மாசாத்தியார் என்ற பெண்பாற் புலவர் பாடிய குறுந்தொகை 139ஆம் பாட்டு ஒரு நல்ல உதாரணம். மாலை நேரம். வேலியோரம் வெருகுகள் வந்து நிற்கின்றன. வீட்டில் வளரும் பெட்டைக்கோழி அதைக் கண்டு, தன் குஞ்சுகளை ஒன்று சேர்க்கக் கலவரத்தோடு கூவுகிறது. பரத்தை வீட்டுக்குப் போய்வந்த தலைவன் தெருவில் வரும்போது ஊரார் பேசும் அலர், அந்தக் கோழியின் குரலைப்போல இருக்கிறதாம். உவமை தலைவனுக்குச் சொன்னது. ஆனால் அதற்குள் எவ்வளவு துல்லியமான கவனிப்பு! நேரம் மாலை, இடம் வேலி, காரணம் குஞ்சு.

திருக்குறளில் காலமறிதல் அதிகாரத்தின் முதல் குறள் இன்னொரு உதாரணம். இரவில் கூகைதான் வலியது. ஆனால் பகலில் காக்கை அதை வென்றுவிடும் என்கிறார் வள்ளுவர். அரசனுக்குச் சொன்ன அறிவுரை அது. ஆனால் பகலில் ஆந்தை வெளியே தலைகாட்டினால் காக்கைகள் கூட்டமாகக் கூடி விரட்டுவதைப் பார்க்காமல் அப்படி எழுத முடியாது. பஞ்சதந்திரத்தில் காக்கைகளுக்கும் கூகைகளுக்கும் நடக்கும் போரும் இதே பகையில் பிறந்த கதைதான்.

இந்த இரண்டு பாட்டுகளையும் சேர்த்துப் படித்தால் ஒரு விஷயம் விளங்கும். எதிரியைக் கண்டதும் பறவைக்கு இரண்டு வழிகள் உண்டு. கூப்பிட்டு எச்சரிப்பது ஒன்று, கூடி விரட்டுவது இன்னொன்று. எப்போது எது என்பதைக் காலமும் இடமும் தீர்மானிக்கின்றன. பூனையும் ஆந்தையைப் போல மறைந்து தாக்கும் வேட்டைக்காரன். பகல் வெளிச்சத்தில், வெட்டவெளியில் கண்டுபிடிக்கப்பட்ட பூனைக்குப் பாதி பலம் போய்விடுகிறது.

எளியவன் வலியன் ஆன கதை

இனி கரிச்சானுக்கு வருவோம். மதுரைச் சிவபெருமானின் 64 திருவிளையாடல்களைப் பாடியவர் பரஞ்சோதி முனிவர். அவர் பிறந்த ஊர் காவிரிப் படுகையின் தென்கோடியில் உள்ள திருமறைக்காடு என்ற வேதாரண்யம். இன்று பறவைகளுக்குப் பெயர்போன கோடியக்கரை அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அவருடைய திருவிளையாடற் புராணத்தில் 47ஆவது படலம் கரிக்குருவிக்கு உபதேசம் செய்த கதை.

முற்பிறவியில் நல்லவனாக வாழ்ந்த ஒருவன், செய்த சிறு பாவத்தால் கரிக்குருவியாகப் பிறக்கிறான். காக்கை முதலான பெரிய பறவைகள் அதைத் துரத்தித் துரத்திக் கொத்துகின்றன. தலையில் ரத்தம் வடிய அது ஊரை விட்டுக் காட்டுக்குப் பறந்து ஒரு மரத்தில் ஒடுங்கிக் கிடக்கிறது. மரத்தடியில் தங்கிய அடியார்கள் மதுரையின் பெருமையைப் பேசிக்கொள்வது அதன் காதில் விழுகிறது. உடனே மதுரைக்குப் பறக்கிறது. பொற்றாமரைக் குளத்தில் மூழ்கி இறைவனை வழிபடுகிறது. இறைவன் அதற்கு மிருத்யுஞ்சய மந்திரத்தை உபதேசிக்கிறார். எளிய பறவையான எங்களை எல்லாரும் துன்புறுத்துகிறார்களே என்று அது முறையிட, இனி நீங்கள் வலியவர்கள் என்று வரம் தருகிறார். அதுமுதல் அந்த இனத்துக்கே வலியான் என்று பெயர். மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவின் முதல் நாளில் இன்றும் இந்த லீலைதான் நடத்தப்படுகிறது.

தஞ்சை மண்ணுக்கும் இந்தப் பறவையோடு நேரடித் தொடர்பு உண்டு. திருவாரூருக்கு அருகே, பழைய ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தில், வலிவலம் என்று ஓர் ஊர் இருக்கிறது. வலியன் வந்து வழிபட்ட தலம் என்பதால் வலிவலம் என்பது தலபுராணம். அங்குள்ள மனத்துணைநாதர் கோயிலைச் சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடியிருக்கிறார்கள். ஒரு குருவியின் பெயரால் விளங்கும் பாடல் பெற்ற தலம்!

இன்னொரு சுவாரஸ்யமும் இருக்கிறது. இது ஒரு மாடக்கோயில். அதாவது உயரமான கட்டுமலையின் மேல் கருவறை. இப்படிப்பட்ட கோயில்களைக் கட்டியவன் கோச்செங்கட் சோழன் என்பது மரபு. அவன் முற்பிறவியில் சிலந்தியாக இருந்து, திருவானைக்காவில் யானையோடு பகைத்தவன். அதனால் யானை ஏற முடியாத கோயில்களாகக் கட்டினான் என்பார்கள். யானையை எதிர்த்த சிலந்தியின் கோயிலில், காக்கையை எதிர்த்த குருவி வழிபட்டது. சிறியது பெரியதை எதிர்த்து நிற்பதைக் கேலி செய்யாமல் கும்பிட்ட மண் இது.

புராணத்தை அறிவியலாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கதையை உண்டாக்கியவர்கள் உண்மையான பறவையைப் பார்த்திருக்கிறார்கள் என்பது மட்டும் நிச்சயம். இத்தனூண்டு குருவி காக்கையையும் பருந்தையும் துரத்துகிறதே, இதற்கு எங்கிருந்து வந்தது இவ்வளவு தைரியம்? இந்தக் கேள்விக்கு அவர்கள் தேடிக்கொண்ட விடைதான் வரம். வெள்ளைக்காரர்களும் இதே குணத்தைப் பார்த்துத்தான் கரிச்சானைக் 'காக்கைகளின் ராஜா' என்ற பொருளில் கிங் க்ரோ என்றார்கள். வடநாட்டில் அதற்குக் கோத்வால், அதாவது ஊர்க் காவல் அதிகாரி என்று பெயர்.

விஞ்ஞானம் கண்ட வரம்

அந்த வரம் எது என்பதை 20ஆம் நூற்றாண்டு விஞ்ஞானிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டுபிடித்தார்கள்.

ஆஸ்திரிய விஞ்ஞானி கொன்ராட் லோரன்ஸ், ஜாக்டா என்ற சிறு காக்கைகளை வளர்த்து வந்தார். ஒருநாள் அவர் தம் பையிலிருந்து ஈரமான கறுப்பு நீச்சல் உடையை வெளியே எடுத்தார். அவ்வளவுதான்! அவரிடம் பாசமாக இருந்த காக்கைகளே கூடிவந்து அவர் கையைக் கொத்தின. கறுப்பாகத் தொங்கும் எதைப் பார்த்தாலும், எதிரியின் பிடியில் தங்கள் இனத்துப் பறவை சிக்கியிருக்கிறது என்று அவை எடுத்துக்கொள்வதாக லோரன்ஸ் விளக்கினார். 1949இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற நூலில் இது இடம்பெற்றது. 1973இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

1955இல் பீட்டர் மார்லர் என்ற ஆங்கில விஞ்ஞானி பறவைகளின் எச்சரிக்கைக் குரல்களை ஆராய்ந்தார். வானில் பருந்து பறக்கும்போது சிறு பறவைகள் மெல்லிய, கீச்சென்ற குரல் எழுப்பும். அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது கடினம். ஆனால் ஆந்தையையோ பூனையையோ கூடி விரட்டும்போது எழுப்பும் குரல் கரடுமுரடானது, விட்டுவிட்டு ஒலிப்பது. வரும் திசை சட்டென்று தெரிந்துவிடும். முதல் குரல் ஒளிந்துகொள்ள, இரண்டாவது குரல் ஊரைக் கூட்ட. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எலிகள் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தன. பறவைகளோ தங்கள் குரலையே மணியாகக் கட்டிவிட்டன!

இதனால் லாபம் உண்டா? ஹான்ஸ் குரூக் என்ற விஞ்ஞானி இங்கிலாந்துக் கடற்கரையில் கருந்தலைக் கடற்காகங்களின் குடியிருப்பில் இதைச் சோதித்து 1964இல் வெளியிட்டார். குடியிருப்புக்கு வெளியிலிருந்து உள்ளே வரை கோழி முட்டைகளை இடைவெளி விட்டு வைத்தார். முட்டை திருட வந்த காக்கைகளை உள்ளே இருந்த பறவைகள் கூடித் தாக்கி விரட்டின. வெளியே வைத்த முட்டைகளைவிட உள்ளே வைத்தவை அதிகம் தப்பின. கூடி விரட்டுவது வீண் ஆர்ப்பாட்டம் அல்ல, அது முட்டையைக் காப்பாற்றுகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

1978இல் ஜெர்மனியில் எபர்ஹார்ட் கூரியோவும் அவரது குழுவினரும் செய்த பரிசோதனை இன்னும் வேடிக்கையானது. ஒரு கூண்டில் இருந்த பறவைக்கு ஆந்தையைக் காட்டினார்கள். எதிர்க் கூண்டில் இருந்த இன்னொரு பறவைக்கு அந்த ஆந்தை தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரு பிளாஸ்டிக் பாட்டில் மட்டும். முதல் பறவை ஆந்தையைப் பார்த்துக் கத்த, அது பாட்டிலைப் பார்த்துத்தான் கத்துகிறது என்று இரண்டாவது நினைத்துக்கொண்டது. பிறகு அந்த அப்பாவி பாட்டிலைக் கண்டாலே சண்டைக்குப் போனது! அதாவது, யார் எதிரி என்பதைப் பறவைகள் ஒன்றிடமிருந்து இன்னொன்று கற்றுக்கொள்கின்றன.

அமெரிக்காவில் சியாட்டில் நகரில் ஜான் மார்ஸ்லஃப் 2006இல் இன்னொன்றைக் காட்டினார். ஒரு முகமூடியை அணிந்துகொண்டு ஏழு காக்கைகளைப் பிடித்து, வளையம் மாட்டி விட்டுவிட்டார்கள். அதன்பின் அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காக்கைகள் கூடிக் கத்தின. ஆண்டுகள் போகப் போகக் கத்தும் காக்கைகளின் எண்ணிக்கை கூடியது. பிடிபடாத காக்கைகளும் குஞ்சுகளும்கூட அந்த முகத்தைப் பகையாகக் கற்றுக்கொண்டன.

இவற்றைத் தொகுத்தால் கரிச்சானின் வரம் என்னவென்று புரிந்துவிடும். கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது. பூனை மறைந்து வேட்டையாடும் விலங்கு. "உன்னைப் பார்த்துவிட்டேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டால் அதன் வேட்டை பாதி தோற்றுவிட்டது. பின்புறமாகப் பாய்ந்தால் பூனையின் நகமும் பல்லும் உடனே எட்டாது. சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துப் பறவைகளும் வந்துவிடும். சுற்றியுள்ள குஞ்சுகளுக்கும் இதுதான் எதிரி என்ற பாடம் கிடைக்கும். பூனை அந்த இடத்தை விட்டு நகர்ந்தால் போதும், பறவைக்கு வெற்றிதான். பூனையைக் கொல்லவோ பழிவாங்கவோ அதற்கு எண்ணமில்லை.

கொல்லைப்புறத்துப் படைவீரர்கள்

இந்த வேலையைக் கரிச்சான் மட்டும் செய்வதில்லை. தஞ்சைப் பகுதியில் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

காக்கை முதலில். சாப்பிடும் முன் காக்கைக்குச் சோறு வைப்பது இங்கே பல வீடுகளில் பழக்கம். அந்தச் சோற்றுக்குப் பூனையும் வரும். ஆகவே இரண்டும் தினமும் ஒரே கிணற்றடியில் சந்தித்துக்கொள்கின்றன. மற்ற மாதங்களில் காக்கை தத்தித் தத்தி ஒதுங்கிக்கொள்ளும், அல்லது வாலைப் பிடித்து இழுத்து விளையாட்டுக் காட்டும். சித்திரை முதல் ஆனி வரை, கூட்டில் குஞ்சு இருக்கும்போது, அதே காக்கை கூட்டத்தோடு வந்து கொத்தும். குஞ்சு தரையில் விழுந்துவிட்டால் பூனை மட்டுமல்ல, அந்தப் பக்கம் போகும் மனிதர்களின் தலையும் தப்பாது.

அடுத்து தவிட்டுக்குருவி. எப்போதும் ஆறேழு சேர்ந்தே திரியும். தரையில் சருகைக் கிளறி இரை தேடுவதால் பூனைக்கு எளிதில் அகப்படக்கூடியது. அதனால் ஒன்று பூனையைக் கண்டுவிட்டால் மொத்தக் கூட்டமும் புதரைச் சுற்றி நின்று காது கிழியக் கத்தும். மைனாவும் கொண்டைக்குருவியும் வந்து சேர்ந்துகொள்ளும்.

வயல்வெளியில் ஆள்காட்டிக் குருவி. பெயரே காரணப் பெயர். வரப்பில் ஆள் வந்தாலும், நாய் வந்தாலும், பூனை வந்தாலும் அது காட்டிக் கொடுத்துவிடும். தரையிலேயே முட்டையிடுவதால் அதற்கு வேறு வழியும் இல்லை. தலைக்கு மேல் வட்டமிட்டு, தாழப் பாய்ந்து, எதிரியை முட்டையிலிருந்து தள்ளித் தள்ளி அழைத்துப் போய்விடும்.

கரிச்சானின் தைரியத்தை மற்ற பறவைகளும் பயன்படுத்திக்கொள்வது கவனிக்கத்தக்கது. மாங்குயில், புறா, கொண்டைக்குருவி போன்ற சாதுவான பறவைகள் கரிச்சான் கூடு கட்டிய மரத்திலேயே தாங்களும் கூடு கட்டுவது உண்டு. காவல்காரன் இருக்கும் தெருவில் வீடு பார்ப்பதைப் போலத்தான்! கரிச்சானின் கூட்டைக் கலைத்தால் ஒரு குடும்பத்துக்கு மட்டும் நஷ்டமில்லை, அந்த மரத்துக்கே காவல் போய்விடுகிறது.

நெல்லுக்கு இரண்டு காவலர்கள்

பூனை பக்கமும் நியாயம் உண்டு. தஞ்சாவூர் நெல் விளையும் பூமி. நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். வயலில் எலி பிடிக்க மூங்கிலால் செய்த தஞ்சாவூர்க் கிட்டி பேர்போனது. வீட்டில் பத்தாயத்தையும் குதிரையும் காத்தது பூனைதான். பாலுக்கும் மீனுக்கும் திட்டு வாங்கினாலும் பூனை வீட்டை விட்டுத் துரத்தப்படாததற்கு அதுவே காரணம்.

அதே நெல்லுக்கு வயலில் காவல் இருந்தது கரிச்சான். மாட்டின் முதுகிலோ கம்பத்திலோ உட்கார்ந்திருந்து, பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடித்து, பழைய இடத்துக்கே திரும்பி வந்து தின்னும். நெற்பயிரைத் தின்னும் புழுக்களும் அவற்றின் தாய் அந்துப்பூச்சிகளும் அதற்கு இரை. 1960களில் தஞ்சை மாவட்டத்தில் தீவிர வேளாண்மைத் திட்டம் வந்தது. ஆடுதுறை 27 போன்ற குறுகிய கால நெல் ரகங்கள் வந்தன. கூடவே ரசாயன உரமும் பூச்சி மருந்தும் வந்தன. விளைச்சல் பெருகியது உண்மை. ஆனால் மருந்து, கெட்ட பூச்சி நல்ல பூச்சி என்று பார்ப்பதில்லை. பூச்சியைத் தின்று பிழைத்த பறவைக்கும் அது நல்லதல்ல. அப்போது தாராளமாகத் தெளிக்கப்பட்ட எண்ட்ரின், பி.எச்.சி. போன்றவை பின்னாளில் இந்தியாவில் தடை செய்யப்பட்டன.

மறுபடியும் பறவையின் அருமை புரிந்தது. இப்போது வேளாண்துறையினரே வயலில் பறவை தாங்கி வைக்கச் சொல்கிறார்கள். ஆங்கில 'டி' எழுத்து வடிவில் கட்டிய குச்சியோ, தலைகீழாக நட்ட தென்னை மட்டையோ போதும். பகலில் கரிச்சான் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும். இரவில் அதே குச்சியில் ஆந்தை உட்கார்ந்து எலி பிடிக்கும். வள்ளுவர் சொன்ன பகல் வீரனும் இரவு வீரனும் ஒரே குச்சியில் முறைவைத்து வேலை பார்க்கிறார்கள்! தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்த இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் 2013இல் மறையும் வரை, பூச்சியை ஒழிக்கப் புறப்படாமல் இயற்கையிடம் விட்டுவிடுங்கள் என்றே ஊர் ஊராகச் சொல்லிவந்தார்.

யார் பக்கம் நிற்பது?

பூனையா, பறவையா? உண்மையில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. ஆனால் நஷ்டம் யாருக்கு அதிகம் என்று பார்த்துவிடுவது நல்லது. கரிச்சான் கொத்தினால் பூனைக்குப் பெரும்பாலும் போவது கொஞ்சம் மயிரும் மானமும்தான். கண்ணில் பட்டால் மட்டும் ஆபத்து. பூனை ஜெயித்தாலோ, மூன்று நான்கு குஞ்சுகள் ஒரே வாயில் போய்விடும். வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும் என்பதை மறக்கக் கூடாது. அமெரிக்காவில் மட்டும் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகளைக் கொல்கின்றன என்று 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதில் பெரும்பங்கு வீட்டில்லாப் பூனைகளுடையது.

கரிச்சான் அடைகாப்பது ஏறக்குறைய 15 நாள். குஞ்சு கூட்டில் இருப்பது 16 முதல் 20 நாள் வரை. அதன்பின் இறகு முளைத்த குஞ்சுகள் கிளை கிளையாகத் தாவிப் பறக்கப் பழகும். தாக்குதல் உச்சத்தில் இருப்பது இந்தக் கடைசி இரண்டு மூன்று வாரங்களில்தான். அந்தச் சமயத்தில் பூனையைக் காலையிலும் மாலையிலும் வீட்டுக்குள் வைத்துக்கொண்டால் சண்டையே இருக்காது. எலி ஏறாமல் தென்னையில் தகரம் சுற்றுவது போலக் கூடு இருக்கும் மரத்திலும் சுற்றிவிடலாம். பூனையின் கழுத்தில் மணி கட்டினால் வேட்டை ஓரளவு குறையும்.

கீழே தத்திக்கொண்டிருக்கும் குஞ்சு பெரும்பாலும் அனாதை அல்ல. தாய் பக்கத்துக் கிளையில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கும். பூனைக்கு எட்டாத ஒரு கிளையில் எடுத்து வைத்துவிட்டு நகர்ந்தால் போதும். மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய் சேர்க்காது என்பது வெறும் நம்பிக்கை.

கூட்டைத் தட்டிவிடுவது மட்டும் தீர்வல்ல. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே அடக்குகிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கூடு போனாலும் பறவை அதே மரத்திலோ பக்கத்து மரத்திலோ மறுபடி கூடு கட்டும். மறுபடி முட்டை, மறுபடி குஞ்சு, மறுபடி ஒரு மாதம் பூனைக்குக் கொத்து. மூன்று வாரத்தில் முடிய வேண்டிய சண்டையை நீட்டித்ததுதான் மிச்சம்.

வலிவலத்துக் கதையில் ஊராரெல்லாம் கொத்தி விரட்டிய பறவைக்கு இறைவன் தந்தது வலிமை. நிஜ வாழ்க்கையில் கரிச்சான் அந்த வலிமையை எல்லா நாளும் எல்லாரிடமும் காட்டுவதில்லை. குஞ்சு பறக்கும் வரை காட்டுகிறது. பறந்துவிட்டால், அதே பூனை அதே கூரையில் அதே நேரத்தில் நடந்து போகும். கரிச்சான் கம்பியில் உட்கார்ந்து பூச்சி பார்த்துக்கொண்டிருக்கும்.